கணவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்

‘நள தமயந்தி’யை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2003இல் வந்த படம். கமல்ஹாசன் எழுதி, மௌலி இயக்கி, மாதவனும் கீது மோகன்தாஸும் நடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஓடினால் சேனலை மாற்றாமல் சிரித்துக்கொண்டே பார்த்து முடிக்கலாம், அந்த வகை. பிழைக்கப் போன சமையல்காரன் ஒருவன் ஆஸ்திரேலியாவில் விசா சிக்கலில் மாட்டிக்கொள்கிறான். அங்கேயே தங்குவதற்காக அந்த நாட்டுப் பிரஜையான ஒரு பெண்ணைப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்கிறான். அதிகாரிகளுக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகத்தைச் சமாளிக்க இருவரும் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிறார்கள், நடித்து நடித்து அப்படியே ஆகிவிடுகிறார்கள்.

மூலம் பீட்டர் வெயர் எடுத்த ‘கிரீன் கார்டு’ (1990). வெயர் ஆஸ்திரேலியர், அவர் எடுத்ததோ நியூயார்க் கதை. அதைத் திரும்ப ஆஸ்திரேலியாவுக்கே கொண்டுபோனது கமலின் குறும்பாகக்கூட இருக்கலாம். ஜெரார் தெபார்தியூவும் ஆண்டி மெக்டவலும் ஒருவரைப் பற்றி ஒருவர் பாடம் மாதிரி மனப்பாடம் செய்வார்கள். எந்த கிரீம் பூசுவாள், எந்தப் பக்கம் படுப்பான், மாமியார் பெயர் என்ன. பிறகு தனித்தனி அறையில் விசாரணை.

நான் பேச வந்தது இந்தப் படங்கள் நல்லவையா மோசமா என்பதைப் பற்றி அல்ல. எல்லை தாண்டும் கல்யாணத்தைப் பற்றிய கதைகள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியில் போய் நிற்கின்றன? ‘இந்தக் கல்யாணம் நிஜமா, பொய்யா?’ இது காதலர்களின் கேள்வி அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விகூட அல்ல. இது குடிவரவு அதிகாரியின் கேள்வி. அதிகாரி கேட்பதையே இயக்குநரும் தன் கதைமுடிச்சாக வாங்கிக்கொள்கிறார். கேள்வியைக் கடன் வாங்கியதும் கூடவே ஒரு எடுகோளும் வந்துவிடுகிறது: நிஜமான கல்யாணத்துக்கு இந்த வாசலில் பிரச்சினை ஒன்றும் இல்லை, பொய்யானதுக்குத்தான் பிரச்சினை. அதனால்தான் நிஜமான தம்பதிக்கு இங்கே கதையே இல்லை. பொய் மெய்யானால் கதை. மெய் மெய்யாகவே இருந்துகொண்டு இரண்டு வருஷம் காத்துக் கிடந்தால் அது கதை இல்லையாம்.

தலைப்பில் தமயந்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்ததுதான் எனக்கு ஆற்றாமை. நளன் சமையல்காரன், நம் கதாநாயகனும் சமையல்காரன், அதோடு சிலேடை முடிந்துவிட்டது. ஆனால் அடையாளச் சோதனை என்ற விஷயத்தில் தமயந்தியை மிஞ்ச ஆள் உண்டா? சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நளன்கள். ஐந்து பேரிடமும் பேப்பர் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பார்ப்பது கண் இமைக்கிறதா, மாலை வாடியிருக்கிறதா, கால் தரையில் படுகிறதா என்று. குறையுள்ளவன்தான் மனிதன், அவன்தான் என் ஆள். பிற்பாடு காட்டில் பிரிந்து, உருவம் மாறி, வேறு பெயரில் எங்கோ சமைத்துக்கொண்டிருக்கும் புருஷனை அவன் சமையலின் ருசியை வைத்தே கண்டுபிடிக்கிறாள். இரண்டு இடத்திலும் சோதிப்பது மனைவி. ராஜாவோ ராஜாங்கமோ இல்லை. நவீன வடிவத்தில் அந்த அதிகாரம் முழுக்க மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்விட்டது. அந்தக் கைமாற்றத்தைப் படம் கவனித்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

சரி, நிஜமான தம்பதிக்கு என்னதான் பிரச்சினை? சட்டம் தெரியாமல் இதைப் பேச முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு சொல்வதன் சாரம் இது: விசிட்டர் விசா கேட்டு வருகிற எவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் வேலை. இப்போது ஒரு மனைவி. கணவர் அங்கே கிரீன் கார்டு வைத்திருக்கிறார். அவளை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனுவைப் போட்டிருக்கிறார். அது வரிசையில் கிடக்கிறது. குடிமகனின் மனைவி என்றால் எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் மனைவி என்றால் வருஷத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு, அதனால் வரிசை. அதற்குள் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று விசிட்டர் விசா கேட்கிறாள். படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுக்காக யாராவது குடிவரவு மனு போட்டிருக்கிறார்களா? ‘ஆம்’ என்றால் தங்கும் எண்ணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். ‘இல்லை’ என்றால் பொய். அந்தப் பொய் பிடிபட்டால் ஆயுளுக்கும் உள்ளே போக முடியாதபடி தடை வரலாம்.

‘நான் அங்கே வாழ விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டில் எழுதிவிட்டு, ‘நான் அங்கே வாழ விரும்பவில்லை’ என்று இன்னொரு கட்டில் எழுதவேண்டும். இரண்டுமே உண்மையாக இருக்கவேண்டும். இரண்டும் உண்மைதான் என்பதுதான் வேடிக்கை. இந்த வருஷம் பார்த்துவிட்டு வந்துவிடுவாள், பேப்பர் வந்த பிறகு வாழப் போவாள். மனசில் இது முரணே இல்லை. படிவத்தில்தான் முரண்.

நம்ம சாஃப்ட்வேர் பையன்களிடம் இது பழமொழி மாதிரியே புழங்குகிறது: “கிரீன் கார்டு வர்றதுக்கு முன்னாடி கல்யாணத்த முடிச்சிரு மச்சான், அப்புறம்னா மாட்டிக்குவ.” எச்-1பி விசாவில் இருப்பவன் மனைவியை எச்-4இல் உடனே கூட்டிப்போக முடியும். கிரீன் கார்டு கிடைத்த பிறகு கல்யாணம் செய்துகொண்டவன் வரிசையில் நிற்கவேண்டும். அந்தஸ்து ஏற ஏற மனைவி தூரமாகிறாள். இது தங்களுக்கே உறுத்தி, 2000ஆம் ஆண்டில் அவர்களே ஒரு சட்டம் கொண்டுவந்து ‘வி’ விசா என்று ஒன்றை உண்டாக்கினார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்கும் கணவன், மனைவி, பிள்ளைகள் அங்கேயே வந்திருந்து காத்திருக்கலாம் என்று. ஆனால் அந்த வருஷம் டிசம்பர் 21க்குள் மனு போட்டவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு கல்யாணமானவர்களின் ஏக்கத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கனடா சட்டம் கொஞ்சம் நாகரிகமானது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22(2) பிரிவு, நிரந்தரமாக வர விரும்புகிறவர் தற்காலிகமாகவும் வரலாம், இரண்டு எண்ணமும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. காலம் முடிந்ததும் திரும்பிவிடுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி வந்தால். அந்த ‘வந்தால்’தான் எல்லாம்.

இந்தக் காத்திருப்பின் உள்ளே நுழைய முயன்ற ஒரு படம் உண்டு. டிரேக் டோரிமஸ் இயக்கிய ‘லைக் கிரேஸி’ (2011), அந்த வருஷம் சன்டான்ஸில் பெரிய பரிசு வாங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் படிக்கவந்த பிரிட்டிஷ் பெண் அன்னா. மேஜை நாற்காலி வடிவமைக்கும் அமெரிக்கப் பையன் ஜேக்கப். ஸ்டூடண்ட் விசா முடிந்தும் ஒரு கோடைக்காலம் அவனோடு தங்கிவிடுகிறாள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப அவனைப் பார்க்க வரும்போது விமான நிலையத்திலேயே பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவன் லண்டன் வரலாம், போகலாம். அவளால் வர முடியாது. கல்யாணம் செய்துகொண்டால் சரியாகும் என்கிறார்கள். செய்துகொள்கிறார்கள். சில மாதம் பொறுங்கள் என்கிறார்கள். பொறுக்கிறார்கள். தூதரக நேர்காணலில் விசா மறுக்கப்படுகிறது.

பெரும்பாலும் நடிகர்களே பேசிப் பேசி உருவாக்கிய வசனம். அதனால் ஃபோன் காட்சிகளில் ஒரு அசௌகரியமான உண்மை இருக்கிறது. நேர வித்தியாசம், ஒருவர் பாரில் இரைச்சலில், மற்றவர் படுக்கையில். “பேசு”, “என்ன பேச?”, அமைதி. ஜேக்கப் அவளுக்கு ஒரு கைச்சங்கிலி கொடுத்திருப்பான். அதில் ‘பொறுமை’ என்று பொறித்திருக்கும். வேறொருவனோடு இருக்கும்போது அது அறுந்து விழும். கொஞ்சம் பாடப்புத்தகத்தனமான குறியீடுதான், ஆனாலும் விட்டுவிடலாம். கடைசியில் விசா கிடைக்கிறது. வந்து சேர்கிறாள். ஷவருக்குக் கீழே இருவரும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், முகத்தில் சந்தோஷமே இல்லை. தாமதம் என்பது ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடுவதோடு நிற்பதில்லை, அந்த விஷயத்தையே வேறொன்றாக மாற்றிவிடும் என்பதை அந்த ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறது. நான் பார்த்தவற்றில் இதைச் சொன்ன படம் இது ஒன்றுதான்.

ஆனால் எனக்கு இதிலும் ஒரு சண்டை இருக்கிறது. அன்னாவுக்கு ஏன் இந்தக் கதி? விசா காலம் தாண்டித் தங்கினாள். தப்பு செய்தாள், அனுபவிக்கிறாள். மொத்தத் துயரத்தையும் ஒரு கோடைக்காலத்து அவசரத்தின் மேல் ஏற்றிவிடுகிறது படம். சட்டத்தை மதித்திருந்தால் எல்லாம் சுபம் என்ற ஆறுதல் பார்வையாளருக்குக் கிடைத்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரையே விழாத ஒரு பெண்ணின் கதையில் அந்த ஆறுதல் கிடையாது. அவள் மேல் உள்ள சந்தேகம் அவள் எதுவும் செய்வதற்கு முன்பே தயாராக இருக்கிறது.

எங்கள் ஊர் நல்லூர். உடனே முருகன் கோயிலை நினைக்காதீர்கள், அது யாழ்ப்பாணத்து நல்லூர். இது விருத்தாசலத்துப் பக்கத்து நல்லூர். விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மையிலிருந்து ஃபியூஸ் கட்டை வரை சூளையில் வேகும். என் அத்தை மகளுக்கும், எங்கோ வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கும் திருச்சியில் கல்யாணம் நடந்தது. அவருடைய ஊரும் நல்லூர்தான். ‘நல்லூருக்கும் நல்லூருக்கும் சம்பந்தம்’ என்று பந்தியில் ஒரே சிரிப்பு. மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். ஸ்பான்சர் மனு போட்டார்கள். நடுவில் அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று இவள் ஒரு மாதம் போய்வர விசா கேட்டாள். மறுப்புக் கடிதம் வந்தது. திரும்பிவருவாள் என்ற நம்பிக்கை இல்லையாம். காரணங்களில் ஒன்று, அந்த நாட்டில் அவளுக்கு இருக்கும் குடும்ப உறவு. “புருஷன் அங்க இருக்கார்னுதானே போறேங்கறேன்? புருஷன் அங்க இருக்கார்ங்கறதாலயே வரக்கூடாதுங்கறாங்க. என்னடி இது?” என்று என்னிடம் கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவைத் தாண்டி வாழாதவள். அந்தக் கடிதத்தில்தான் முதல்முறையாக அவள் வெளிநாட்டுக்காரி ஆனாள்.

ஸ்பான்சர் மனுவுக்காக அவர்கள் சேர்த்த கட்டை நான் ஒருநாள் முழுக்கப் படித்தேன். விமர்சனம் எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு விசித்திரமான இலக்கிய வகை. மாசத்துக்கு இத்தனை பக்கம் என்று அச்சடித்த வாட்ஸ்அப் உரையாடல். ஃபோன் பில். ‘நாங்கள் சந்தித்த விதம்’ என்று ஒரு கட்டுரை. ஏஜென்ட் ஆபீஸில் ஒரு பையன் இங்கிலீஷில் எழுதியது. அதில் இவள் மெரினாவில் சூரியோதயத்தைப் பார்த்துக் காதல் வயப்படுகிறாள். நிஜத்தில் பெரியம்மா வீட்டு ஹாலில், டீயை மேலே கொட்டிக்கொண்ட கதை. அதுதான் அழகாக இருந்தது. அதை எழுதினால் எடுபடாதாம். கல்யாண ஆல்பத்திலோ இருவரும் விறைப்பாக, தொடாமல், வேர்த்து நிற்கிறார்கள். ‘இயல்பா சிரிச்ச மாதிரி, தோள்ல கை போட்ட மாதிரி போட்டோ வேணும்’ என்று கேட்டு, விருத்தகிரீஸ்வரர் கோயில் வாசலில் வைத்துப் பிறகு எடுத்தார்கள். நிஜமான கல்யாணம், தன்னை நிஜமென்று காட்ட ஒரு பொய்க் கல்யாணத்தைப் போல நடிக்கவேண்டியிருக்கிறது. ‘நள தமயந்தி’யைத் தலைகீழாகப் புரட்டினால் வருகிற இந்தக் கதையை ஏன் யாரும் எடுக்கவில்லை?

பெரியோர் பார்த்து முடித்த கல்யாணங்கள் மேல் இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. பிரிட்டனில் ‘பிரதான நோக்கம்’ என்றொரு விதி இருந்தது. அங்கே குடியேறுவது இந்தக் கல்யாணத்தின் பிரதான நோக்கம் அல்ல என்று தம்பதியே நிரூபிக்கவேண்டும். பார்க்காமல் பழகாமல் கட்டிக்கொண்ட நம்மவர்கள் எதைக் கொண்டு நிரூபிப்பார்கள்? 1997இல்தான் அதை நீக்கினார்கள். அதற்கு முன்பு, 1979இல், ஹீத்ரோவில் இறங்கிய ஒரு இந்திய ஆசிரியையிடம், கட்டிக்கொள்ளப் போகிறவரைத் தேடி வந்தவரிடம், நடத்தப்பட்ட ‘கன்னித்தன்மைச் சோதனை’ செய்தியாக வெளிவந்து நாடே கொதித்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

‘தீபன்’ (2015) பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லையென்றால் கேட்பீர்கள். ஷோபாசக்தி நடித்து, ஜாக் ஓதியார் இயக்கி, கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் மூன்று அந்நியர்கள் பிரான்சுக்குப் போகிறார்கள். அங்கே பொய் என்பது உயிர் பிழைக்கும் வழி. அதை விசா மோசடிக் கதைகளோடு சேர்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கதைமுடிச்சு அதேதான். பொய்க் குடும்பம் நிஜக் குடும்பமாகிறது. காளீஸ்வரி சீனிவாசன் நடித்த யாழினி அந்த முடிச்சுக்கு மசியாமல் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருப்பதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது.

நிஜமான கல்யாணத்தையே சட்டம் கல்யாணம் இல்லை என்று சொன்ன சம்பவம் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது, அதுவும் நாம் நன்றாகத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கதைக்குள். தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த ஹசன் இசப் என்பவர் இந்தியாவிலிருந்து தன் மனைவி பாய் மரியத்தை அழைத்துவந்தார். உள்ளே விட மறுத்தார்கள். 1913 மார்ச் 14இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்கின்படி நடந்த திருமணம் இங்கே திருமணமாகாது. அவர்களுடையது பொய்க் கல்யாணம் என்று யாருமே சொல்லவில்லை. நிஜம்தான், ஆனாலும் செல்லாது. ஒரே தீர்ப்பில் இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லாமல் போனார்கள்.

அந்த வருஷம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு இது முக்கியமான காரணம். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து கிளம்பி, எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போய், நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டிய பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தார். அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் இந்தியத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. நாம் பள்ளிக்கூடத்தில் வள்ளியம்மையைத் தியாகி என்று படித்தோம், மூன்று பவுண்ட் தலைவரி பற்றிப் படித்தோம். ‘என் கல்யாணம் கல்யாணமில்லை என்று சொல்ல நீ யார்’ என்ற கோபமும் அந்தப் போராட்டத்தில் இருந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கணவனோடு வாழ உள்ளே விடு என்பது சொந்த விஷயம், தேச விடுதலை பொது விஷயம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நம் புனைவெழுத்தும் அந்தப் பழக்கத்திலிருந்து முழுசாக வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் தமிழில் இதற்கான முதல் வார்த்தை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் கல்யாணச் சடங்கையே வகுத்தார்கள் என்கிறது அது. அதாவது சடங்கு என்பதே முதலில் ஒரு ஆதாரம், சந்தேகத்தில் பிறந்தது. அப்படிப் பார்த்தால் அச்சடித்த வாட்ஸ்அப் கட்டுதான் இன்றைய சடங்கு, மஞ்சள் பூசாத குறைதான். கடல் கடந்து போகிறவன் பெண்ணைக் கூட்டிப்போவது வழக்கமில்லை என்று இன்னொரு விதியும் அதிலேயே இருக்கிறது. அந்த விதியைத் தூதரகங்கள் இன்றுவரை கைவிடவில்லை.

முல்லைத் திணையில் ஒரு காட்சி மரபு உண்டு. கார்காலம் வந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். மழை வந்துவிடும், கொன்றையும் பூத்துவிடும். அவனைக் காணோம். தலைவி கலங்குவாள். தோழி சொல்வாள்: இது கார்காலமே இல்லை, ஏதோ காலம் தப்பிய மழை, இந்தக் கொன்றை மரம் விவரம் தெரியாமல் ஏமாந்து பூத்திருக்கிறது. பொய் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பொய்யில்தான் அன்றைய ராத்திரி கழியும்.

அத்தை மகள் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாள். எல்லோரும் விசாவுக்குக் காத்திருக்கும் மனைவிகள், இரண்டு மூன்று கணவர்களும் உண்டு. எத்தனை மாதம் ஆகும் என்று இணையதளத்தில் போட்டிருக்கும் கணக்கு தாண்டிய அன்று அவள் அதில் எழுதினாள். நிமிஷத்துக்குள் பதில்கள். “அந்த கணக்கெல்லாம் நம்பாத சிஸ்டர்.” “அது புது அப்ளிகேஷனுக்குப் போட்டிருக்கறது, உங்களுக்கு இல்ல.” “எனக்கும் இப்படித்தான் காட்டுச்சு, அப்புறம் நாலு மாசத்துல வந்துச்சு, தூங்குங்க.”